நாலு கஞ்சாவும் ஒரு கறிவேப்பிலையும்

"நீதான் கெடுத்தனி. வேற ஒருத்தரும் இல்லை, நீதான். ஒருக்கா என்ரை கண்ணுக்கு முன்னால வா, அப்ப தெரியும்," என்றார் தர்மகுலசிங்கம். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பேஸ்மென்டில் அவரும் ஐந்து சாடிகளும், மூலையில் உறுமிக்கொண்டிருக்கிற வீட்டுச் சூடாக்கியும் தவிர வேறு யாரும் இல்லை. ஆனாலும் ஆள் ஒன்று இருக்கிறது, இருந்தே ஆகவேண்டும், செடி தானாகக் கெடுவதில்லை, கெடுப்பதற்கு ஒரு கை வேண்டும். போன கிழமைவரைக்கும் நாலும் விளக்குக்குக் கீழே கலியாணத்துக்கு நிற்கிற பெட்டையள் மாதிரி நிமிர்ந்து நின்றன. இப்போது இலை நுனி ஒவ்வொன்றும் நெருப்புக்குச்சியால் சுட்டதுபோல் கருகி, இலை முழுவதும் கோழிக்கால் மாதிரி உள்ளுக்கு வளைந்து கிடக்கிறது. அடி இலை நரம்பு பச்சை, நரம்புக்கு இடையில் மஞ்சள். பூ வைக்கிற நேரம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் வெட்டலாம் என்று இருந்த நேரம். இந்த நாட்டுச் சட்டம் ஒரு வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம் என்கிறது, அவர் நாலுதான் வைத்திருக்கிறார், ஐந்தாவதுக்கு ஆசை வந்தபோதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். ஐந்தாவது சாடியில் நிற்பது மனைவி தவமலருடைய கறிவேப்பிலை. வெளியில் பனி முழங்கால்வரை கிடக்கிறபடியால் அதுவும் கீழே வந்து இந்த நாலோடும் வெளிச்சத்தைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கறிவேப்பிலைக்கு ஒரு குறையும் இல்லை. துளிர் விட்டிருக்கிறது, வெட்கமில்லாமல்.

கழுவத் தொடங்கினார். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் கழுவி இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. முதல்நாளே வாளியில் பிடித்து வைத்த வெறும் தண்ணீரை மேலிருந்து மெல்ல மெல்ல விடவேண்டும், அது மண் முழுவதும் நனைந்து கீழ்த்தட்டில் வடியும்வரை காத்திருக்கவேண்டும், வடிந்ததில் உப்பும் புளிப்பும் அளக்கிற மீற்றரை வைத்துப் பார்க்கவேண்டும், இலக்கம் இறங்கும்வரை திரும்பத் திரும்ப விடவேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் சாடியின் ஓரத்தால் ஓடிவிடும், நடுமண் அப்படியே இருக்கும். அவசரப்படாமல் இருப்பது தர்மகுலசிங்கத்துக்குப் பிறந்ததில் இருந்து வராத காரியம். குவளையைச் சாய்த்துப் பிடித்தார். உப்புக் கூடினால் வேர் குடிக்காது, ஈரத்துக்குள்ளே நின்றுகொண்டு தாகத்தில் சாகும், இதை அவருக்குச் சொன்னவள் செடிக்கு விடுகிற மருந்துப் போத்தல் விற்ற கடைப்பெட்டை, கை நிறையப் பச்சை குத்தியிருப்பாள், காதில் ஓட்டை போட்டு அதுக்குள் வளையம் போட்டிருப்பாள். காலையில் அவளுக்குத்தான் முதல் அடி விழுந்தது. போனை எடுத்ததும் எடுக்காததுமாக, நீ எனக்கு விற்றது பழுதான சாமான், காசைத் திருப்பித் தா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி, தெரியாததில் பாதி கத்தினார். அவள் கத்தவில்லை, அதுதான் இன்னும் கோபம். லேபிளில் போட்டிருக்கிற அளவுக்கு விட்டீர்களா என்றாள். ஓம் என்றார். சரியாக அந்த அளவுக்கா என்றாள். கொஞ்சம் மேலே என்றார். எவ்வளவு மேலே என்றாள். கொஞ்சம் என்றால் கொஞ்சம், உனக்கென்ன பொலிஸ் வேலையா என்று போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அவள் சொன்ன வேறொன்று காதில் திரும்பி வந்தது. வடிகிற தண்ணீரை அளந்து பாருங்கள், நீங்கள் விட்டதைவிடக் கூடவா குறையவா என்று பாருங்கள். அளந்தார். கூட. நல்லாய்க் கூட. அதோடு புளிப்பு. மீற்றரில் புளிப்புக் காட்டுகிற இலக்கம் கீழே போய்க் கிடந்தது. இருக்கிற நாலு மருந்துப் போத்தலில் எதை விட்டாலும் இந்தப் புளிப்பு வராது, அது அவர் சோதித்துப் பார்த்தது. அப்போ கணக்கு என்ன சொல்கிறது? நான் கொடுத்தது இவ்வளவு, வந்தது அதைவிடக் கூட, அப்ப இடையில் இன்னொருத்தன் கொடுத்திருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை.

மேலே கொடுத்தது உண்மைதான். அதை அவர் இல்லை என்று சொல்லவில்லை. மூடியால் ஒன்று என்று போட்டிருந்தால் ஒன்று விட்டு, போத்தலை நிமிர்த்துகிற நேரத்தில் இன்னொரு சொட்டு, இன்னொரு சொட்டு, அது கைப்பழக்கம். விடியக் காலை மொத்தச் சந்தையில் வெண்டிக்காய்ப் பெட்டியும் மரவள்ளிப் பெட்டியும் ஏற்றி ஸ்காபரோவில் இருக்கிற தமிழ்க் கடைகளுக்கெல்லாம் இறக்கிய காலத்தில் வந்த பழக்கம். அங்கே ஒருத்தரும் சொன்ன விலைக்கு வாங்குவதில்லை, வாங்குகிறவனைச் சந்தை மதிப்பதும் இல்லை. விலை முடிந்த பிறகு, கை கொடுத்த பிறகு, பெட்டி வான் வண்டியில் ஏறிய பிறகு, "அதை ஏன் தனிய வைச்சிருக்கிறாய், அதையும் போடு" என்று மேலால ஒன்று கேட்டு வாங்கவேண்டும். போர்த்துக்கேயன், சீனன், இத்தாலிக்காரன் எல்லாரும் அவரைக் கண்டால் அந்த மேலால ஒன்றை முதலே எடுத்து மறைப்பார்கள், அவரும் மறைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கேட்காதவனுக்கு ஒன்றும் கிடைக்காது. பத்தொன்பது வயதில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு வந்து ஒரு விமான நிலையத்துக் கதிரையில் இருத்திவிட்டு, தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன் என்று போனவன் வரவேயில்லை. அன்றைக்கு அவன் போகும்போது ஒரு கேள்வி கேட்கவில்லை, மரியாதைக்கு வாய் மூடிக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு அவர் வாய் மூடியதில்லை. இந்தப் போத்தல்களும் அப்படித்தான். இலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, கல்சியத்துக்கு ஒன்று என்று மூன்று எடுத்து, விலையை உடைத்து, கடைசியில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த நாலாவதைக் காட்டி அதையும் போடு என்றார். பூவைத் திரட்சியாக்குகிற போத்தல். பச்சை குத்தினவள் சிரித்துக்கொண்டு போட்டாள். இலவசமாக வந்த சாமானை அளவாக விடுகிற மனிதன் எங்கே இருக்கிறான்?

தட்டில் முதல் தண்ணீர் விழத் தொடங்கியது. தேத்தண்ணி நிறம். இரண்டாவது செடிக்கு வாளியைத் தள்ளினார், இடுப்பு ஒருக்கால் பிடித்தது, நின்றார். பிடித்தால் பிடிக்கட்டும். செடி நாலும் போனால் என்ன நடக்கும் என்பதை அவர் மனம் நேராகப் பார்க்க விடாது, பக்கத்தால் பக்கத்தால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். மேலே குளிர்பெட்டியில், மோர்மிளகாய்ப் போத்தலுக்குப் பின்னால், சின்னப் போத்தலில் இருக்கிற எண்ணெய் அடியில் விரலளவு. தேங்காயெண்ணெயில் இந்தச் சாதிப் பூவைப் போட்டு இறக்கின எண்ணெய். தவமலர் படுக்கைக்குப் போகமுன் நாக்கில் ஒரு சொட்டு வைப்பாள், முகத்தைச் சுளிப்பாள், படுப்பாள், நித்திரை வரும். அந்த ஒரு சொட்டு இல்லாத காலத்தில் நித்திரை என்ற சாமானே இந்த வீட்டில் இருக்கவில்லை. மார்பில் வந்ததை வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், வருத்தம் போய்விட்டது என்றார்கள், ஆனால் மருந்து போகும்போது அவளுடைய பாதங்களையும் கொண்டுபோய்விட்டது. உள்ளங்காலில் முள்ளும் நெருப்பும் என்பாள். சில நேரம் கால் இருக்கிறதே தெரியவில்லை என்பாள், அதுதான் அவருக்கு மற்றதைவிடப் பயம். டாக்குத்தர் கொடுத்த குளிசையைப் போட்டால் நோ போகும், ஆளும் சேர்ந்து போய்விடும், கதிரையில் கல்லு மாதிரி இருப்பாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கமாட்டாள். கடையில் சட்டப்படி விற்கிற எண்ணெய் தலையைச் சுற்றியது, சத்தி எடுத்தாள். அப்போதுதான் குகநேசன் வந்தான், பழைய வான் ஓட்டக் கூட்டாளி, தன்னுடைய வீட்டில் வளர்த்ததில் இறக்கிய எண்ணெய் என்று ஒரு போத்தல் கொண்டுவந்தான். இது சாந்தமான சாதி அண்ணை, அக்காவுக்கு ஒத்துவரும் என்றான். ஒத்துவந்தது. அவன் அல்பேர்ட்டாவில் மகனோடு போய் இருக்கமுன் அந்தச் செடியில் இருந்து வெட்டிக் கொடுத்த நாலு கொப்புத்தான் இந்த நாலு செடி. தாய்ச்செடியை எறிந்துவிட்டுப் போய்விட்டான். இது போனால் இந்தச் சாதி போச்சு. இது போனால் திரும்பவும் குளிசை. கல்லு. கதிரை. சிரிக்காத முகம்.

அவள் ஆரம்பத்தில் கேட்டவுடன் காதைப் பொத்தினவள். "கஞ்சாவோ? இஞ்சாருங்கோ, என்ரை அப்பு கோயில் மணியகாரன். கஞ்சா குடிக்கிறவங்களைக் கேணியடியில நிக்க விடாமக் கலைச்சவர்." உம்மட அப்புவுக்கு உள்ளங்காலில நெருப்பு எரிஞ்சிருந்தா அவரே கேணியடியில நட்டிருப்பார் என்று அவர் சொன்னார். அன்றைக்குச் சிரித்தாள், சொட்டு வைக்காமலே. அதற்குப் பிறகு அதன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, உங்கட மரங்கள் என்பாள். கோயில் சிநேகிதிகள் வந்து என்ன வாசம் இது என்றால், அவர் கீழே கீரை போட்டிருக்கிறார் என்பாள், எந்தக் கீரை இப்பிடி மணக்கும் என்று அவையள் கேட்டால், கனடாக் கீரை என்பாள். படி இறங்கிப் பார்த்ததில்லை. மாரி தொடங்கமுன் ஒருநாள் மாடியில் இருந்து இறங்குகிறபோது கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் நடுப்படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே கட்டிலை இழுத்து நடுத்தட்டில் போட்டார். இனிப் படியில் கால் வைக்கப்படாது என்று சட்டம் போட்டார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. உடுப்புத் தோய்க்கிற இயந்திரம் கீழே, அது அவர் வேலை. கறிவேப்பிலையைக் கீழே கொண்டுபோனதும் அவர்தான். கொண்டுபோகும்போது வாசலில் நின்று அவள் ஏதோ சொன்னாள், கிழமைக்கு ஒருக்கா எதையோ விடச் சொன்னாள். சரி சரி என்றார். என்ன சொன்னாள்?

இரண்டாவது சாடிக்குக் குவளையைச் சாய்த்தார். சாவி இருக்கிறவன் ஒருத்தன்தான், மச்சான் சோதிலிங்கம், தவமலருடைய தம்பி. போன கிழமை பனி அள்ளுகிற சவள் எடுக்க வந்தவன். கடைப்பெட்டைக்கு அடுத்த அடி அவனுக்குத்தான் விழுந்தது. "டேய் சோதி, கீழ இறங்கினனியோ?" "இறங்காம சவள் என்ன தானா ஏறி வருமோ அத்தான்?" "செடிக்கு ஏதும் ஊத்தினனியோ?" "என்னத்தை ஊத்துறது?" "பியர் கியர்?" "அத்தான், பியரை மனுசன் குடிக்காமச் செடிக்கு ஊத்துறதெண்டா நான் உங்களைவிடப் பெரிய விசரனா இருக்கவேணும்." அது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனாலும் ஒத்துக்கொள்ளாமல் வைத்தார். ஒட்டாவாவில் இருக்கிற மகள் ஆரணி இதுக்கு எதிரி, டாக்குத்தரிடம் கேட்காமல் அம்மாவுக்கு ஒன்றும் கொடுக்காதேங்கோ என்று சண்டை பிடித்தவள், பிறகு அவளே டாக்குத்தரிடம் கேட்டு, அவர் தலையாட்டின பிறகுதான் வாய் மூடினாள். ஆனால் அவள் நத்தார் பண்டிகைக்குப் பிறகு வரவில்லை. மருந்து ஏற்றின காலத்து டாக்குத்தர் அறை. அந்த அறையில் தர்மகுலசிங்கம் கேட்ட ஒரு கேள்வியை ஆரணி இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டு வருசம், ஐந்து வருசம், வீதம் என்று டாக்குத்தர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், மகள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள், இவர் இடையில் பாய்ந்து, உதெல்லாம் வேண்டாம், கடைசி விலை என்னவென்று கேள் என்றார். மகள் கேட்கவில்லை. முகம் சிவந்து குனிந்துகொண்டாள். தவமலர்தான் சிரித்தாள், அந்த அறையில், தலைமயிர் இல்லாத தலையில் சால்வையோடு. "இஞ்சாருங்கோ, அந்தாள் என்ன மரவள்ளியோ விக்கிறார்?"

சிரித்தாள், ஆனால் சாப்பிடமாட்டாள். அந்த மாதங்கள் முழுவதும் சாப்பாடுதான் சண்டை. ஆட்டெலும்பு சூப், முட்டைக்கோப்பி, பேரீச்சம்பழத்தை அரைத்து ஊற்றின பால். ஆஸ்பத்திரியில் நோயாளிச் சாப்பாட்டுக்கு அளவு சொல்லுகிறவள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பசித்தால் மட்டும் என்று சொல்லி விட்டவள். கொஞ்சம் என்ற சொல் அவருக்குக் காதில் ஏறாது. "இன்னும் ஒரு வாய்." "போதும்." "சரி, அரை வாய்." "போதுமெண்டுறன்." "இந்தா, கரண்டி நுனி, உது கணக்கில வராது." கணக்கில் வராத கரண்டி நுனியோடு எல்லாம் திரும்பி வெளியே வரும், அவர் சட்டையில், கட்டிலில், நிலத்தில். துடைத்துவிட்டு அடுத்த நேரம் திரும்பவும் கரண்டியோடு வருவார். அவளுக்குள் ஏதாவது போனால் அவள் இருப்பாள், இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். செடிக்கும் அதே வைத்தியம், பலன் நுனி கருகுவது. பலன் வளைந்துபோவது. குவளையை வைத்தார். மூடியில் இருந்து சொட்டிய அந்த மேல்சொட்டையும் இந்தக் கரண்டி நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர் விரும்பவில்லை. மனம் வைத்துவிட்டது. சரி, அது என்ரை பங்கு, ஒத்துக்கொள்ளுறன், என்று மூலையில் இருந்த சூடாக்கியிடம் சொன்னார். ஆனா புளிப்பு என்ரை இல்லை. புளிப்பு ஆரின்ரை?

இரண்டாவது சாடித் தட்டில் விழுந்த தண்ணீர் தேத்தண்ணி நிறமில்லை. பால் விட்ட தேத்தண்ணி. குனிந்து பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். வெள்ளை. மண்ணுக்கு மேலே ஓரத்தில் படிந்திருந்த வெள்ளையை இவ்வளவு நாளும் உப்பு என்று நினைத்திருந்தார். விரலால் வழித்தார். உப்பு என்றால் நறநறக்கும், இது வழுக்கியது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பூ மணம் மூக்கைப் பிடித்து வேறெதையும் விடாது, அந்த மணத்துக்கு அடியில், தண்ணீர் பட்டுக் கிளம்பி, ஒரு புளித்த மணம். தெரிந்த மணம். சின்ன வயதில் இருந்து தெரிந்த மணம். நேரே கறிவேப்பிலைச் சாடிக்குப் போய் அதன் மண்ணையும் தோண்டி மணந்தார். அதே. அப்போதுதான் வாசலில் நின்று அவள் சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது, குளிர் தொடங்கினபோது சொன்னது, இப்போதுதான் வந்து சேர்ந்தது. கறிவேப்பிலைக்குக் கிழமைக்கு ஒருக்கா புளிச்ச மோர் விடவேணும், மறந்திடாதேங்கோ, இல்லாட்டி இலை கொட்டிப்போடும். அவர் ஒருநாளும் விட்டதில்லை. மோர் என்ற நினைவே வந்ததில்லை. ஆனால் அது கொட்டவில்லை, துளிர்த்திருக்கிறது, அந்தத் துளிரைக் கிள்ளிக்கொண்டுபோய் மேலே காட்டி, பாத்தீரோ என்ரை கைராசி என்று அவர் பெருமைகூட அடித்தார், அவளும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாடிக்குப் பின்னால் சுவரோடு ஒரு தயிர்ப்பெட்டி, வெறும் பெட்டி, மூடி இல்லை. கீழே கிடக்கிற பத்துத் தயிர்ப்பெட்டியில் அதுவும் ஒன்று என்று இவ்வளவு நாளும் காலால் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தார். உள்ளே ஓரத்தில் மோர் காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் இறங்கியிருக்கிறாள். கால் எங்கே இருக்கிறதென்று தெரியாதவள், இந்தப் படியால், கையில் மோரோடு. எப்போது? காலையில் அவர் கடைத்தொகுதிக்கு நடக்கப் போகிற நேரம், சிநேகிதர்மாரோடு கோப்பியை வைத்துக்கொண்டு மற்றவன் வாங்கப்போகிற காருக்கு விலை சொல்லிக்கொண்டு இருக்கிற நேரம். விழுந்திருந்தால்? தலை கீழே, கால் மேலே, மோர் படியெல்லாம், அவர் அங்கே நின்று பழைய கார் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் இங்கே. அவருக்குப் பயம் எப்போதும் வந்த வேகத்தில் கோபமாக மாறிவிடும். படியடிக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார்.

"இஞ்சாரும்! மோர் ஊத்தினது ஆர்?"

மேலே தொலைக்காட்சி நாடகத்தில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்த சத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

"எந்த மோர்?"

"எத்தினை மோர் இருக்கு இந்த வீட்டில? புளிச்ச மோர்!"

"கறிவேப்பிலைக்கோ கேக்கிறியள்?"

"கறிவேப்பிலைக்கும் கேக்கிறன், மற்ற நாலுக்கும் கேக்கிறன்."

தவமலர் பிடிபட்டவள் பேசுகிற குரலில் இல்லாமல், நியாயம் தன் பக்கம் இருக்கிறவள் பேசுகிற குரலில் சொன்னாள். "நாலு பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்க ஒண்டுக்கு மட்டும் எப்பிடிக் குடுக்கிறது? எனக்கு மனம் வரேல்லை. எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டனான். நீங்கள் விடுற அந்த மருந்துத் தண்ணி மணத்தைப் பாத்தா, பாவம், அதுகளுக்கு நாக்குச் செத்துப்போயிருக்கும்."

"செடிக்கு நாக்கோ? விசரோ உமக்கு? அங்க ஒவ்வொண்டும் கருகிப்போய் நிக்குது!"

"கருகினது மோரிலயோ? மோர் குளிர்ச்சியல்லோ. நீங்கள் மட்டும் அளந்தோ விட்டனீங்கள்? மேலால ஒரு சொட்டு விடாட்டி உங்களுக்குத்தான் மனம் ஆறாதே."

அவர் வேறு பக்கத்தால் போனார். "எப்பிடி இறங்கினனீர்?"

"இருந்து இருந்துதான். ஒவ்வொரு படியிலயும் குந்தி, அடுத்த படிக்கு அரக்கி. குழந்தையள் இறங்கிற மாதிரி."

"விழுந்திருந்தா?"

"விழேல்லையே."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பியளே? படிக்குப் படி விலை பேசியிருப்பியள். மூண்டு படி மட்டும் இறங்கு, ரெண்டு படி மட்டும் இறங்கு எண்டு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு மேல இருந்து இருந்து அலுத்துப்போச்சு. கட்டிலும் கதிரையும். கறிவேப்பிலையை நான் கண்டு எவ்வளவு நாள்? முதல்நாள் பாதிப் படிதான் வந்தன். பிறகு முழுக்க வந்தன். நோகுதுதான். நொந்தாலும் கால் இருக்கு எண்டு தெரியுது. அந்தச் சொட்டுப் போட்டு நித்திரை கொண்டதுக்குப் பிறகுதான் எனக்கு அந்தத் தைரியமே வந்தது, தெரியுமே?"

தர்மகுலசிங்கம் கைப்பிடியை விடவில்லை. அவர் சந்தைக்காரர், எதைக் கேட்டாலும் மனம் முதலில் கொடுத்ததையும் வந்ததையும் நிறுத்துப் பார்க்கும், இதையும் நிறுத்துப் பார்த்தது. கொடுத்தது: நாலு செடி, மேல்சொட்டு, மோர். வந்தது: கருகின நாலு செடி. அது மட்டுமில்லை, கல்லு மாதிரிக் கதிரையில் இருந்தவள் படி இறங்கியிருக்கிறாள். அவருக்குத் தெரியாமல், அவர் அளக்காமல், அவர் கேட்டு வாங்காமல் வந்தது. இப்படி ஒன்று மேலால வந்ததை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை, எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. திரும்பி நாலையும் பார்த்தார். மூலையில் நிற்பது போகத்தான் போகிறது, அது தெரிகிறது, தண்டு வரைக்கும் மஞ்சள் ஏறிவிட்டது. மற்ற மூன்றின் நடுவிலும் புதிதாக வந்த சின்ன இலைகள் இன்னும் நேராக இருக்கின்றன. கருகின இலை பச்சையாகாது, ஆனால் கழுவி இறக்கி, அரை அளவில் தொடங்கி, கைக்குக் காவல் வைத்தால் பூ தப்பலாம். கைக்குக் காவல். அதுதான் இடிக்கிறது. அவருடைய கையை அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கழுவுவார், நாளைக்கு அரை அளவு என்று போத்தலைச் சாய்ப்பார், நிமிர்த்தும்போது இன்னொரு சொட்டு. ஆள் பக்கத்தில் நின்று சொன்னாலொழிய நிற்காத கை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் எத்தனை தரம் சொன்னாள், போதும், போதும் என்று, ஒருக்காலும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை இந்த வீட்டில் சரியான இடத்தில் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், மோர் விடயத்தைத் தவிர.

தூக்கிக்கொண்டு வரலாம். ஏறிப்போய் அவளைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு இறங்கலாம், இடுப்பு பிடித்தால் பிடிக்கட்டும். ஒரு காலை முதல் படியில் வைத்தார். வைத்த காலை எடுத்தார். தயிர்ப்பெட்டியைக் கையில் பிடித்தபடி, மேலே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து, குரலைக் குறைக்காமல் சொன்னார்.

"இஞ்சை பாரும். மோர் ஊத்தினது ஆர், எப்ப ஊத்தினது எண்டெல்லாம் நான் இனிக் கேக்கேல்லை. பேர் சொல்லவும் மாட்டன். ஆனா செய்துபோட்டு மேல இருந்து நாடகம் பாக்கிற கதை இஞ்ச சரிவராது. செய்த ஆளே இறங்கி வரவேணும். குந்தியோ அரக்கியோ, எப்பிடி வந்தாலும் சரி, எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி, நான் கீழ்ப்படியில நிக்கிறன், மேல வரமாட்டன். கதிரை ஒண்டு போடுறன், வந்து அதில இருக்கவேணும். நான் தண்ணி விடுவன், மருந்து விடுவன், என்ரை கை நிக்காது, அது எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில இருந்து போதும் எண்டு சொல்லவேணும். இந்த முறை சொன்னா நான் கேப்பன். கெடுத்த ஆள் வந்து சரியாக்கட்டும். இப்பவே வரட்டும்."